பழைய எம்.ஜி. வாங்குகிறவர்களே, என்ஜினைப் பிறகு பாருங்கள். முதலில் கறளைத் தேடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நாற்பது வயது கடந்த கார்கள் பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தோம். வீதி வரி இல்லை, எம்.ஓ.டி. என்ற வருடாந்தப் பாதுகாப்புச் சோதனை இல்லை, லண்டனுக்குள் யூலெஸ் என்ற புகைமாசுக் கட்டணமும் இல்லை, ஆகவே ஓய்வுக்காலத்தில் ஒரு பழைய எம்.ஜி.யை வாங்கி ஆசை தீர ஓடலாம் என்பது அதன் சாரம். பாதி சரி. மற்றப் பாதியைச் சொல்லாமல் விட்டால் வாசகர் சிலராவது சிவப்புப் பூச்சின் மினுக்கத்தில் மயங்கி, உள்ளே அப்பளமாய்ப் பொரிந்துபோன தகரக் கூட்டை வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். இந்தக் கார்களைக் கழற்றிப் பூட்டிப் பழகியவர்கள் என்ற முறையில் அந்த மற்றப் பாதியை எழுதுகிறோம்.

எம்.ஜி. என்றதும் இன்று பலருக்கு ஷாங்காய் நிறுவனத்தின் மின்சாரக் கார்தான் நினைவுக்கு வரும். நாங்கள் சொல்வது ஒக்ஸ்போர்ட்டுக்குத் தெற்கே அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை செய்த எம்.ஜி.பி. ஐந்து இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். கூரை மடிக்கிற ரோட்ஸ்ரர் முதலில் வந்தது, மூடிய ஜி.டி. 1965இல் வந்தது. இரண்டிலும் அதே 1798 சி.சி. பி-சீரிஸ் என்ஜின். இந்தியாவின் அம்பாசடரில் ஓடிய 1489 சி.சி. என்ஜினும், ஊரில் பலர் அறிந்த ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ55இன் என்ஜினும் அதே குடும்பம். ஏ55இல் கை வைத்தவருக்கு எம்.ஜி.பி.யின் பொனற்றைத் திறந்தால் ஒன்றும் புதிதாக இராது. ஆகவேதான் வாங்கப் போகிறவர்கள் நேரே என்ஜினிடம் போய்விடுகிறார்கள். ஏமாறுவதும் அங்கேதான். என்ஜினைத் தனியே இறக்கி, ஒவ்வொரு சாமானாக வாங்கிப் போட்டுத் திருத்தலாம். தகரம் போனால் செலவுக்கு எல்லை இல்லை.

ஒரு சொல்லை முதலில் தெளிவுபடுத்தி விடுகிறோம். இங்குள்ள கராஜ்காரர் ‘சில்’ என்றால் நம்மூர்ச் சில்லு என்று எடுத்துவிடாதீர்கள். கதவுக்குக் கீழே, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவே ஓடும் பெட்டி போன்ற தகரம் அது. குழப்பம் வேண்டாம் என்று அதைக் கதவடிப் பெட்டி என்றே எழுதுகிறோம்.

லொறிக்கு இருப்பதுபோல் எம்.ஜி.பி.க்கு அடியில் தனிச் சசி (அடிச்சட்டம்) கிடையாது. உடம்பே சசி. கூரை இல்லாத ரோட்ஸ்ரரில் முன் பாதியையும் பின் பாதியையும் பிடித்து வைத்திருப்பது இரண்டு கதவடிப் பெட்டிகளும் நடுவே கியர் பொக்ஸ் சுரங்கமும்தான். ஒவ்வொரு பெட்டியிலும் நாலு தகரங்கள் உண்டு: வெளியே தெரிவது ஒன்று, தரையோடு சேரும் உட்சுவர் ஒன்று, இரண்டுக்கும் நடுவே நிமிர்ந்து நிற்கும் தடுப்பு ஒன்று, அடியில் கோட்டை மதில்போல் மடிந்த தகரம் ஒன்று. கடைசியாகச் சொன்னதைக் கராஜ்களில் காசில் ரெயில் என்பார்கள். முன் சில்லு எற்றுகிற சேறு மட்கார்டுக்குள் மேலே ஒரு திட்டில் போய்த் தங்கும். பனிக்காலத்தில் வீதிக்குத் தூவும் உப்பும் அதோடு சேரும். அந்த ஈரச்சேறு வருடக்கணக்காக அங்கேயே கிடந்து தகரத்தைத் தின்று, பெட்டிக்குள் இறங்கிவிடும். வெளிப்பூச்சில் முதல் கொப்புளம் தெரியும்போது நடுத்தடுப்பு அநேகமாக முடிந்திருக்கும்.

முறையாகத் திருத்துவதென்றால் முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும். அது போல்ற்றில் நிற்பதால் கழன்று வரும். பின் மட்கார்ட் வெல்டிங் ஒட்டுவேலை, அதன் அடிப்பகுதியை வெட்டியே எடுக்க வேண்டும். கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புத் தண்டு ஒட்டி உடம்பு மடியாமல் பிடித்துக்கொண்டு, பழைய தகரங்களை வெட்டி, புதியவற்றை ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். தண்டு போடாமல் வெட்டினால் வண்டி நடுவே தொய்ந்துவிடும். பிறகு எந்தக் கதவும் சரியாகப் பூட்டாது. ஒரு பக்கத்துக்கே பல நாள் வேலை. அந்தக் கூலிக்குப் பயந்து சிலர் அழுகிய பெட்டியின் மேலேயே புதுத் தகரத்தைப் போர்த்தி ஒட்டி, பட்டி பூசி, பெயின்ற் அடித்து விற்பார்கள். அப்படிச் செய்ததைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை.

பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியும் கதவடிப் பெட்டியும் சந்திக்கும் இடத்தில், கதவின் பின் விளிம்புக்குச் சற்றுக் கீழே, மெல்லிய பொருத்துக்கோடு ஒன்று தெரிய வேண்டும். அதை மூடி மெழுகியிருந்தால் சந்தேகப்படுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி, மட்கார்டுகளின் அடி ஆறு அங்குலத்திலும் பெட்டியின் நீளம் முழுவதும் ஓட்டிப் பாருங்கள். பட்டி உள்ள இடத்தில் காந்தம் வழுக்கி விழும். பிறகு பாயை விரித்து அடியில் படுங்கள். காசில் ரெயில் நேர்க்கோடாக ஓட வேண்டும். தடிப்பாகக் கருந்தார் அப்பியிருந்தால் நட்டுக் கழற்றும் சாவியின் (ஸ்பானர்) பிடியால் மெல்லத் தட்டுங்கள். நல்ல தகரம் கணீரென்று சொல்லும், அழுகியது தொப்பென்று சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும்.

அடுத்து, கதவைப் பூட்டி அதன் பின் விளிம்பு இடைவெளியை நேராக நின்று பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். மேலே ஒடுங்கிக் கீழே விரிந்திருந்தால் வண்டி முதுகு வளைந்துவிட்டது. விற்பவர் சம்மதித்தால் ஜாக் வைக்கும் இடத்தில் ஒரு பக்கத்தைத் தூக்கச் சொல்லி, தூக்கிய நிலையில் கதவைத் திறந்து பூட்டுங்கள். இடைவெளி மாறினால், அல்லது கதவு இறுகினால், பேசுவதற்கு ஒன்றுமில்லை. ஜாக் வைக்கவே விடமாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

இருக்கைகளுக்குப் பின்னால் கார்பெற்றைத் தூக்கி மூடியைத் திறந்தால் பற்றரிப் பெட்டி தெரியும். குரோம் பம்பர் வண்டிகளில் இரண்டு 6 வோல்ற் பற்றரிகள் தொடராக இருந்தன, றபர் பம்பர் வண்டிகளில் ஒரே 12 வோல்ற். அமிலமும் தண்ணீரும் சேர்ந்து அந்தப் பெட்டியின் அடி கழன்று வீதி தெரிவது சாதாரணம். பின் வில்லுத் தகட்டின் முன் முனை பிடிக்கும் இடத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள். கதவுக் கண்ணாடியின் முன் முக்கோணத்துக்குக் கீழே கதவுத் தகரத்தில் கீறல் விழுவதும் இந்த வண்டியின் பிறவிக்குணம். அதனால் ஆபத்து இல்லை, விலையைக் குறைக்கக் காரணம் ஆகும்.

இவ்வளவையும் சொல்லிப் பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிற்றேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடியெடுத்து 1988இல் எம்.ஜி.பி.யின் முழு உடற்கூட்டையே மறுபடி செய்யத் தொடங்கியது. தனித்தனித் தகரங்களும் கிடைக்கின்றன. தகரத்தின் விலை உங்களை வீழ்த்தாது, ஒட்டுகிறவரின் மணிக்கூலிதான் வீழ்த்தும். அதனால் எங்கள் புத்தி இதுதான்: உடம்பு உறுதியாக இருந்து என்ஜின் புகைக்கிற வண்டியையும், என்ஜின் பட்டுப்போல் ஓடிக் கதவடி அழுகிய வண்டியையும் ஒரே விலைக்குக் காட்டினால், புகைக்கிறதை வாங்குங்கள்.

எந்த வகை நல்லது என்று கேட்பவர்களுக்கு ஜி.டி. என்போம். ரோட்ஸ்ரரைவிட மலிவு, கூரை உடம்பை இறுக்கிப் பிடிக்கும், இந்த நாட்டு மழைக்கும் அதுதான் ஏற்றது. குரோம் பம்பருக்கு விலை கூடுதல். 1974இன் பிற்பகுதியில் அமெரிக்க விதிகளுக்காகக் கறுப்பு றபர் பம்பர் போட்டு வண்டியின் உயரத்தையும் கூட்டினார்கள். வளைவில் சாய்வு அதிகமானது உண்மை. ஆனால் 1976இன் நடுவில் பின்னாலும் சாய்வைத் தடுக்கும் தண்டு போட்டதோடு அந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்தது. அலுமாரியில் வைத்துப் பார்க்க இல்லை, ஓடத்தான் என்றால் அந்தக் கடைசி நாலு வருட வண்டிகள் காசுக்கேற்ற சரக்கு.

இனி என்ஜின். போனவுடன் பொனற்றில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஒருவர் ஸ்ராட் செய்து வைத்திருக்கிறார். ஆறும்வரை காத்திருக்க வேண்டும். திறப்பைத் திருப்பியதும் பின்னாலிருந்து டிக் டிக் என்று கேட்பது எஸ்.யூ. பெற்றோல் பம்ப். சில அடிகளுக்குப் பிறகு நின்றுவிடுவது சுகமான அடையாளம். நிற்காமல் அடித்தால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது பெற்றோல் இல்லை. சத்தமே இல்லாவிட்டால் உள்ளே பொயின்ற்ஸ் என்ற மின்தொடுமுனைகள் அழுக்கு. பம்பைச் சாவிப் பிடியால் ஒரு தட்டுத் தட்டினால் உயிர் வரும், ஆனால் அது வீடு வந்து சேர்வதற்கான வழி மட்டும்தான். ஸ்ராட் ஆனதும் ஒரு தடவை நீலப்புகை தள்ளி அடங்கினால் வால்வு கைட்ஸ் தேய்ந்திருக்கும். ஓடும்போதெல்லாம் நீலம் என்றால் ரிங்ஸ். சூடான பிறகு ஓட்டத்தில் ஒயில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 இறாத்தல்வரை காட்ட வேண்டும். சும்மா நிற்கையில் 10 முதல் 25வரை இறங்கலாம். அடியில் இரண்டு சொட்டு ஒயில் விழுவதற்காகச் சண்டைக்குப் போக வேண்டாம்.

சும்மா ஓடும்போது வேகம் ஏறி இறங்கி அலைந்தால் இரட்டைக் கார்புரேற்றர்களின் சுழல்தண்டு தேய்ந்து காற்று இழுக்கிறது என்று எடுக்கலாம். அதைக் கவனிக்காமல் திருகாணியைத் திருப்பித் திருப்பி ரியூன் செய்வது நேர விரயம். கார்புரேற்றர் தலையில் உள்ள சின்ன மூடியைக் கழற்றி, உள்ளேயிருக்கும் குழல்தண்டின் வாய்க்கு மேல் அரை அங்குலம் ஒயில் நிற்கிறதா என்று மாதம் ஒரு தடவை பாருங்கள். அது வற்றினால் அக்சிலரேற்றரை மிதித்தவுடன் என்ஜின் திக்கும்.

ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் என்ஜின் சுற்றைக் குறைக்கும் மேலதிகக் கியர்) உள்ள வண்டியானால் நாலாம் கியரில் 50 மைல் வேகத்தில் சுவிச்சைப் போடுங்கள். என்ஜின் சுற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உடனே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் விற்பவர் ஒரு வயர் பிரச்சினைதான் என்பார். பல தடவை அது உண்மையும்கூட. ஆனாலும் விலை பேசும்போது அது உடைந்ததாகவே கணக்கில் எடுங்கள். கியர் பொக்ஸும் ஓவர்டிரைவும் ஒரே ஒயிலைப் பங்கிடுகின்றன. 1967இன் கடைசியில் வந்த எல்லா முன் கியரிலும் சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) உள்ள பெட்டிக்கும், அதற்கு முந்தியதற்கும் 20டபிள்யூ-50 என்ஜின் ஒயில்தான். தடித்த கியர் ஒயிலை ஊற்றிக் கெடுத்தவர்கள் உண்டு.

முன் சில்லை நிலத்திலிருந்து தூக்கி, ஒருவர் பிறேக்கை மிதித்துக்கொண்டிருக்க, மற்றவர் சில்லின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிறேக் மிதித்திருப்பதால் பெயாரிங் ஆட்டம் மறைந்துவிடும். அப்படியும் ஆடினால் கிங் பின், அதாவது முன் சில்லு இடம் வலம் திரும்பும் அச்சு, தேய்ந்தது. மாற்றும்போது புதிய புஷ்களை அளவுக்குக் குடைய வேண்டும் என்பதால் வீட்டில் செய்கிற வேலை இல்லை. 3000 மைலுக்கு ஒரு தடவை, சில்லு தொங்கும் நிலையில், ஒவ்வொரு பக்கமும் மூன்று நிப்பிளிலும் பழைய அழுக்கு வெளியே வழியும்வரை கிறீஸ் அடித்தால் அந்தச் செலவு பல வருடம் தள்ளிப்போகும்.

கம்பிச் சில்லு பார்க்க வடிவுதான். ஆனால் கைபிறேக்கை இழுத்துவிட்டு வண்டியை முன்னும் பின்னும் அசைக்கும்போது ‘கிளங்க்’ என்றால் நடுப்பற்கள் தேய்ந்திருக்கும். சில்லை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஹப்பும் சேர்ந்தே மாற வேண்டும். நடு நட்டைச் செப்புச் சுத்தியலால் மட்டும் அடியுங்கள். வண்டி முன்னே போகும்போது சில்லு சுழலும் திசையில் அடித்தால் கழலும், எதிர்த்திசையில் இறுகும். இடமும் வலமும் வெவ்வேறு புரி. மாறிப் பூட்டிய ஹப்பில் ஓடும்போதே நட்டுக் கழலும். ரயரில் பூ எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் பார்க்காமல், பக்கச்சுவரில் டொட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு இலக்கத்தையும் படியுங்கள். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. வருடத்துக்கு 500 மைல் ஓடும் வண்டியில் ரயர் தேய்வதில்லை, காய்ந்து வெடிக்கிறது.

ஆயுதப்பெட்டி விடயத்திலும் ஒரு வார்த்தை. இந்த வண்டியின் நட்டுகள் அங்குல அளவு. 7/16, 1/2, 9/16 சாவிகளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 13 மில்லிமீற்றர் சாவி அரை அங்குல நட்டில் ஏறும், இறுகிய நட்டானால் அதன் மூலைகளை மழுக்கிவிட்டு வரும். 1967இன் கடைசிக்கு முந்திய வண்டிகளில் பற்றரியின் நேர்முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். அதைக் கவனிக்காமல் புது ரேடியோ பூட்டினால் புகைதான் வரும்.

பெற்றோலுக்கு வருவோம். ஈயம் கலந்த பெற்றோல் இங்கே 1999 முடிவோடு கடைகளிலிருந்து நின்றுபோனது. அந்த ஈயம் இல்லாமல் வேகமாக ஓடும்போது எக்ஸோஸ்ற் வால்வு தான் உட்காரும் இடத்தைத் தேய்த்து உள்ளே இறங்கும். என்ஜின் தலையில் கடின உலோக வளையம் பதித்தாயிற்றா என்று கேளுங்கள், ரசீதைப் பாருங்கள். ரசீது இல்லாவிட்டால் ரப்பெற் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் நடுவே உள்ள இடைவெளி, சொல்லும். குளிர்ந்த நிலையில் 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீற்றர் வைத்துவிட்டு, ஆயிரம் மைலுக்குப் பின் மறுபடி அளந்து பாருங்கள். எக்ஸோஸ்ற் பக்கத்தில் இடைவெளி ஒடுங்கிக்கொண்டே வந்தால் வால்வு இறங்குகிறது. தலையைக் கழற்றி வளையம் பதிப்பது ஒரு தடவைச் செலவு. பிரித்தானியாவில் 2021 செப்ரெம்பரில் வந்த ஈ10 பெற்றோலில் எதனோல் பத்து வீதம்வரை உண்டு. அது பழைய றபர்க் குழாய்களை இளக்கி வெடிக்கச் செய்யும். சூடான எக்ஸோஸ்ற் பக்கத்தில் பெற்றோல் கசிவது விளையாட்டில்லை. ஈ5 சுப்பர் மட்டும் அடியுங்கள். குழாய்களை எதனோலுக்குத் தாக்குப்பிடிக்கும் ஆர்9 வகைக்கு மாற்றுங்கள். வேலையோ சில மணித்தியாலம்தான்.

வயது குறைந்ததை வாங்கினால் தலையிடி குறையும் என்று 1995க்குப் பின் வந்த எம்.ஜி.எஃப். பக்கம் போகிறவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லுகிறோம். அதன் கே-சீரிஸ் என்ஜின் இருக்கைக்குப் பின்னால், ரேடியேற்றர் முன்னால். இரண்டையும் இணைக்கும் இரும்புக் குழாய்கள் வண்டியின் அடியில் ஓடுகின்றன, கறளும் பிடிக்கின்றன. மொத்தத் தண்ணீர் அளவு குறைவு என்பதால் கொஞ்சம் கசிந்தாலே சூடேறி ஹெட் காஸ்கெற் போய்விடும். குளிர்ந்த நிலையில் தண்ணீர் மட்டம், ஒயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் போன்ற படிவு, தண்ணீர்த் தொட்டியில் எண்ணெய்ப் படலம் ஆகிய மூன்றையும் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். காஸ்கெற் மாற்றியது என்றால் பல அடுக்கு உருக்குக் காஸ்கெற்றா, அடிக்குழாய்கள் கறள்படா உருக்கா என்று கேளுங்கள். 2002க்கு முந்தியவற்றின் வாயுவும் திரவமும் அடைத்த ஹைட்ரகாஸ் சஸ்பென்சனுக்குப் புதிய உறுப்புகள் செய்யப்படுவதில்லை. அதன் பின் வந்த ரி.எஃப். சாதாரணச் சுருள்வில்லில் நிற்கிறது. இவை எவற்றுக்கும் நாற்பது வயதுச் சலுகை இல்லை. யூலெஸ் உண்டா இல்லையா என்று வண்டி இலக்கத்தைப் போட்டுப் பார்த்த பிறகே முற்பணம் கொடுங்கள்.

கடைசியாகக் கட்டுரையில் விடுபட்ட சட்ட விடயங்கள். நாற்பது வயது ஆனதும் வரிவிலக்குத் தானாக வராது. வி5சி என்ற பதிவுப் பத்திரத்தோடு தபாற் கந்தோருக்குப் போய் வண்டியைப் பழமை வகைக்கு மாற்ற வேண்டும். மாற்றிய பின்னும் வருடா வருடம் பூச்சியப் பவுணுக்கு வரி எடுத்தே ஆக வேண்டும். எம்.ஓ.டி. விலக்கு, கடந்த 30 ஆண்டுகளில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கே பொருந்தும். விலக்கு இருந்தாலும் ஆபத்தான நிலையில் வண்டியை வீதிக்கு எடுத்தால் 2500 பவுண்வரை தண்டமும் லைசென்ஸில் மூன்று தண்டப் புள்ளியும் கிடைக்கலாம். ஆகவே விருப்பத்தின் பேரில் எம்.ஓ.டி. செய்யுங்கள். காருக்கு அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண். கறளை வேறொருவர் கண்ணால் வருடம் ஒரு தடவை பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை. விற்பவரிடமும் புதிதாக ஒன்று செய்து தரச் சொல்லிக் கேட்கலாம். காப்புறுதியை முன்கூட்டியே ஒத்துக்கொண்ட மதிப்புக்கு எடுங்கள். இல்லாவிட்டால் விபத்துக்குப் பின் பழைய இரும்பு விலைதான் பேசுவார்கள்.

பழமை வகை வண்டிக்கு யூலெஸ் விலக்கு உண்டு என்று கட்டுரை சொன்னது சரி. ஆனால் மத்திய லண்டன் நெரிசல் கட்டணத்துக்கு அந்த விலக்கு இல்லை. இரண்டும் ஒன்றென்று நம்பி ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் புது எம்.ஜி.பி.யோடு பிக்கடில்லிப் பக்கம் போகிற வாசகருக்குத் தண்டக் கடிதம் வீடு தேடி வரும். அடுத்த இதழில் இந்த ஒரு திருத்தத்தையாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
பழைய கார் திருத்தும் வாசகர்கள் சிலர்,
வடமேற்கு லண்டன்